கோப்பை கழுவினால் இறங்கிய பிரஷர்

என் கையெழுத்தோடு ஏதோ ஒரு பழைய கோப்பில் இப்படி ஒரு வரி இன்றைக்கும் இருக்கக்கூடும்: "இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பாத்திரம் கழுவும் நாட்களில் நோயாளியின் இரத்த அழுத்தம் கணிசமாகக் குறைகிறது." நல்ல பிரெஞ்சில், இலக்கணப் பிழை இல்லாமல் எழுதினேன். எழுதிவிட்டுப் பெருமையும் பட்டேன்.

வீடு வீடாகப் போகும் தாதி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு, அந்த வரி எப்படி வந்தது என்று சொல்லப்போகிறேன். கையில் பட்டியைச் சுற்றுவது, பம்பை அமுக்குவது, ஸ்டெதஸ்கோப்பை எங்கே வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் அதெல்லாம் நன்றாகத் தெரிந்திருந்த காலத்தில்தான் இது நடந்தது.

சூசை அண்ணையும் றெஜினா அக்காவும் மன்னார்க்காரர். கியூபெக்கில் வில்லரே என்ற பகுதியில், இரண்டாம் மாடியில் வீடு. தெருவிலிருந்து சுழன்று சுழன்று ஏறும் இரும்புப் படிக்கட்டு. அண்ணைக்கு எழுபத்து மூன்று வயது. சென்ட் லோரன்டில் விமான உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அக்கா பங்குக் கோவில் பாடகர் குழுவில் முதல் வரிசைக்காரி. அவர் தொலைபேசியில் கூப்பிட்டால் நான் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொள்வேன். ஊரில் தாதிமாரைக் கூப்பிடுவது போல இருவரும் என்னை 'மிஸ்ஸி' என்றே கூப்பிட்டார்கள்.

அண்ணையின் இதயம் தாளம் தப்பி அடிக்கிற இதயம். அதற்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் அப்படிப்பட்டவர்களின் கையில் கடையில் வாங்கும் மின்சாரப் பிரஷர் மெஷின் தடுமாறும். அவருடைய மெஷின் ஒரு தடவை நூற்றிப்பத்து என்றது, அடுத்த நிமிடம் நூற்றி அறுபது என்றது, மூன்றாம் தடவை 'E' என்ற எழுத்தை மட்டும் காட்டிவிட்டு அணைந்துபோனது.

"ஈ எண்டா எக்ஸலன்ட் எண்டுதானே மிஸ்ஸி?" என்று அண்ணை கேட்டார்.

"எரர், அண்ணை."

"அதை முழுசா எழுதிக் காட்டலாம்தானே. நான் ரெண்டு கிழமையா சந்தோசமா இருந்தனான்."

எங்கள் டாக்டர் மெஷினை ஓரமாக வைக்கச் சொன்னார். வீட்டில் ஒருவர் கைப்பம்பும் ஸ்டெதஸ்கோப்பும் வைத்துக் காலையும் மாலையும் அளந்து எழுதட்டும், நீ பழக்கிவிடு என்றார். வீட்டில் இருந்த ஒரே ஒருவர் அக்காதான். மகள் ஷாமினி நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருந்தாள். அங்கே கார்தரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை அவளுக்கு.

மார்ச் மாதத் தொடக்கம். முந்தின நாள் ஓர் அடி பனி கொட்டியிருந்தது. மருந்துக் கடையிலிருந்து ஷாமினி வாங்கிக் கொடுத்திருந்த பெட்டி பிரிக்காமல் மேசையில் இருந்தது. நான் முதலில் என்னுடைய ஸ்டெதஸ்கோப்பால் அளந்து காட்டினேன். மேல் எண் நூற்றி நாற்பத்தாறு. "இந்த இடத்தில சத்தம் தொடங்கும், அது மேல் எண். இந்த இடத்தில நிண்டு போகும், அது கீழ் எண்" என்று ஊசியைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தேன். பிறகு பெட்டியைப் பிரித்துப் புது ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அக்காவின் காதில் மாட்டினேன். அண்ணையின் முழங்கை மடிப்பில் அதன் நுனி வட்டத்தை வைத்து, அக்காவின் கையில் பம்பைக் கொடுத்தேன். அவர் அமுக்கினார். ஊசி ஏறியது. மெதுவாகக் காற்றை விட்டோம்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் சைரன் ஊதியது. இந்த நகரத்தில் கார் வைத்திருக்கிறவர்களுக்கு அந்தச் சைரன் என்னவென்று சொல்லத் தேவையில்லை. பனி அள்ளும் வண்டி வருகிறது, காரை எடுக்காவிட்டால் இழுத்துக்கொண்டு போவார்கள். என் கார் நின்றது சரியாக அந்தப் பக்கத்தில்.

நான் கையில் கோட்டோடு எழும்பி நின்றபடி, "கேக்குதோ அக்கா?" என்றேன்.

"ஓம் ஓம். வடிவாக் கேக்குது" என்றார் அக்கா.

"நூற்றி நாற்பத்தாறுக்குக் கிட்டத்தானே?"

"ஓம், கிட்டத்தான்."

"கெட்டிக்காரி!" என்று சொல்லிவிட்டு இரும்புப் படிகளில் ஓடினேன். காரைக் காப்பாற்றிவிட்டேன். அன்றைக்கு நான் காப்பாற்றியது அதை மட்டும்தான்.

அக்கா ஒரு பூப்போட்ட கொப்பியில் எழுதத் தொடங்கினார். தேதி, மேல் எண், கீழ் எண். நான்தான் நான்காவதாக ஒரு கோடு போட்டு, "அண்டைக்கு என்ன நடந்தது எண்டும் எழுதுங்கோ, டாக்டருக்கு உதவும்" என்றேன். இரண்டு வாரம் கழித்துப் போய்க் கொப்பியைத் திறந்தபோது மலைத்துப்போனேன். ஒருநாள்கூட விடுபடவில்லை.

கருவாட்டுப் பொரியல், 172. மகளோடை போனில் சண்டை, 168. பூசைக்குப் போனவர், 128. ஹொக்கி பார்த்துக் கத்தினவர், 176. கோப்பை கழுவினவர், 134.

கீழ் எண் மட்டும் எல்லா நாளும் எண்பது. அந்த மனிதருக்குள் ஏதோ ஒன்றாவது இவ்வளவு உறுதியாக நிற்கிறதே என்று எனக்கு மகிழ்ச்சி.

அண்ணையும் கொப்பியைத் தினமும் படிக்கிறவர். தொழிற்சாலையில் அளவுகளோடு வாழ்ந்தவர் அல்லவா, ஒழுங்கைக் கண்டுபிடித்துவிட்டார். "மிஸ்ஸி, வடிவாப் பாருங்கோ. நான் கோப்பை கழுவின நாளெல்லாம் இறங்குது. ரெண்டு கோப்பையெண்டா நூற்றி நாற்பது. சட்டி பானையும் சேத்துக் கழுவினா நூற்றி முப்பத்தி நாலு. அடுப்பையும் துடைச்சா நூற்றி இருபத்தாறு."

"சுடுதண்ணி கையில படுறதாலயாக்கும்" என்றார் அக்கா, குசினியிலிருந்து.

நான் அதை மறுக்கவில்லை. அதுதான் என் முதல் குற்றம். சுடுதண்ணீர், மென்மையான உடலசைவு, மனம் அமைதியடைவது என்று எனக்குள் ஒரு விளக்கம் கட்டிக்கொண்டு, எங்கள் தாதிமாரின் வாரக் கூட்டத்தில் படித்தேன். அறிக்கையிலும் எழுதினேன். எல்லோரும் தலையசைத்தார்கள். சூசை அண்ணை அதற்கிடையில் பங்கில் இருந்த இன்னும் மூன்று ஆண்களுக்கு இந்த வைத்தியத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தார். பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் தேநீர் குடித்த கோப்பைகளைக் கழுவ ஆண்கள் நெருக்குப்பட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். என் வீட்டிலும் இதைச் சொன்னேன். என் கணவர் அன்றிரவே சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டியடிக்குப் போய்விட்டார். அவருக்குப் பிரஷரே கிடையாது.

இரண்டாவது குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டுக்குப் போன நாட்களில் நானும் அளந்தேன். கொப்பி 165 என்ற நாளில் எனக்கு 122 வந்தது. அடுத்த தடவை கொப்பி 170, எனக்கு 112. இவ்வளவு பெரிய இடைவெளியைப் பார்த்ததும் நான் என்ன செய்திருக்க வேண்டும்? அக்காவை என் முன்னால் ஒரு தடவை அளக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஆனால் நான் படித்தவள். தாதி முன்னால் தணிந்தும் வீட்டில் உயர்ந்தும் காட்டுகிற வகை ஒன்று உண்டு, புத்தகத்தில் இருக்கிறது, அதற்குப் பெயரும் இருக்கிறது. பெயரைக் கண்டுபிடித்ததும் எனக்குக் கேள்வி முடிந்துபோனது. டாக்டரிடம் அந்தப் பெயரைச் சொன்னேன். டாக்டர் கொப்பியை நம்பி, என்னை நம்பி, குளிசையின் அளவை இரண்டு தடவை கூட்டினார்.

ஏப்ரல் நடுப்பகுதி. பனி உருகிவிட்டது, குளிர் போகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வழக்கமான வருகைக்காகப் போனேன். சுழல் படிக்கட்டில் கீழிருந்து ஐந்தாவது படியில் சூசை அண்ணை உட்கார்ந்திருந்தார். ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தார். முகம் சாம்பல் நிறம். டெப்பனர் என்கிற மூலைக் கடையில் பால் வாங்க இறங்கியவருக்குப் பாதி வழியில் கண் இருட்டியிருக்கிறது.

அவருக்கு மேல் படியில் அக்கா. மேல் வீட்டிலிருந்து பம்பையும் ஸ்டெதஸ்கோப்பையும் கொண்டுவந்து, அண்ணையின் கோட்டுக் கையை மேலே இழுத்துப் பட்டியைச் சுற்றி, அளந்துகொண்டிருந்தார். கீழ் வீட்டு மாணவன் ஒருவன் சைக்கிளைப் பிடித்தபடி செய்வதறியாமல் நின்றான். தபால் கொண்டுவரும் பெண், படியில் ஏற வழியில்லாமல் கடிதங்களோடு நின்றாள்.

"நூற்றி எண்பத்தி நாலு!" என்று அக்கா தெருவுக்கே அறிவித்தார். "பாத்தியளோ மிஸ்ஸி, நல்ல நேரத்துக்கு வந்தீங்கள். ராத்திரிக் குளிசையை இப்பவே குடுக்கப்போறன்."

அவருடைய மற்றக் கையில் குளிசை இருந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்கா காதுவரை இழுத்துவிட்ட தடித்த கம்பளித் தொப்பி போட்டிருந்தார். ஸ்டெதஸ்கோப்பின் இரண்டு முனைகளும் அந்தத் தொப்பிக்கு மேலே, கம்பளியில் குத்திக்கொண்டு நின்றன.

அந்தத் தொப்பிக்கூடாக ஒரு மனிதர் பனி அள்ளும் வண்டியைக் கேட்கலாம். கையின் நாடியைக் கேட்க முடியாது. ஆறு வாரக் கொப்பியும் ஒரு நொடியில் என் கண் முன்னால் கிழிந்தது.

இதைத்தான் உங்களிடம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். அந்த நொடியில் எனக்கு இரண்டு வேலை இருந்தது. ஒன்று, அந்தக் குளிசை அண்ணையின் வாய்க்குள் போகக்கூடாது. மற்றது, தெருவில் நின்ற எல்லோருக்கும் முன்னால் அக்காவைப் பொய்க்காரி ஆக்கக்கூடாது. ஆக்கினால் அந்த வீட்டுக் கதவு எனக்கு இனித் திறக்காது. கதவு திறக்காவிட்டால் அண்ணைக்குத் தாதி இல்லை.

"அக்கா, குளிசையைக் கொஞ்சம் வைச்சிருங்கோ. குளிருக்குள்ள இந்தக் குளிசை குடுக்கக்கூடாது."

அது முழுப் பொய். எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அக்காவின் கை நின்றது. நான் என் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அண்ணையின் கையில் வைத்தேன். எண்பத்தாறு. நம்பாமல் திரும்பவும் அளந்தேன். எண்பத்து நான்கு.

மாணவனிடம் அம்புலன்சைக் கூப்பிடச் சொன்னேன். அண்ணையின் கால்கள் உயர வேண்டும், தலை தாழ வேண்டும். சுழல் படிக்கட்டில் அது எப்படி என்று யாரும் எனக்குப் பயிற்சி தரவில்லை. தபால்காரப் பெண் கடிதங்களைச் சைக்கிள் கூடையில் போட்டுவிட்டு வந்து அவருடைய இடுப்பைப் பிடித்தாள். மாணவனும் சேர, மூவருமாக அவரைத் திருப்பினோம். கால்கள் மேல் படிகளில், கடைசியில் தலை என் மடியில். பாதசாரி ஒருவர் நின்று, இது ஏதாவது படப்பிடிப்பா என்று பிரெஞ்சில் மரியாதையாகக் கேட்டார்.

அக்கா அலறத் தொடங்கினார். "என்ன செய்யிறியள் மிஸ்ஸி? நூற்றி எண்பத்தி நாலு பிரஷருக்குத் தலையைக் கீழை போடுறியளே! ரத்தமெல்லாம் மண்டைக்குள்ள போய் வெடிக்கப் போகுது! மனுசனைக் கொல்லப்போறியளே!"

அவர் கணக்கில் அது நியாயம். தான் எழுதிய எண்ணை அவரும் பாதி நம்பியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

"றெஜினா, கத்தாதையும்" என்றார் அண்ணை தலைகீழாக. "நீர் கத்தினா எனக்கு ஏறும்."

நான் அக்காவைக் கிட்டக் கூப்பிட்டேன். அவர் குனிந்ததும் மெல்லச் சொன்னேன்: "அக்கா, எனக்கு எண்பத்தாறுதான் கேட்டது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கை தன்பாட்டில் தொப்பிக்குப் போனது. கம்பளியில் குத்தியிருந்த முனைகளைத் தடவியது. நான் கண்டுவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்தார். குளிசையை என் உள்ளங்கையில் போட்டுவிட்டு, மேல் படியில் உட்கார்ந்து, கணவரின் இரண்டு கால்களையும் எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். அம்புலன்ஸ் வரும்வரை அப்படியே இருந்தார்.

அண்ணை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். குளிசையைக் குறைத்தார்கள், தண்ணீர் ஏற்றினார்கள், ஆள் பழையபடி கதைக்கத் தொடங்கிவிட்டார். படியில் உட்காராமல் விழுந்திருந்தால் இந்தக் கதையை நான் சிரித்துச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இரண்டாம் நாள் நான் மேலாளரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பி பொய், பாத்திரம் கழுவும் வரி பொய், இரண்டு தடவை மருந்து கூடியதில் என் பங்கு பெரியது என்றேன். அவர் கியூபெக்கில் பிறந்து வளர்ந்த பெண். எங்களில் யாரையும்விட அதிகம் படி ஏறியவர்.

"மனைவிக்குக் காது கேட்காது என்று கோப்பில் எழுதப்போகிறேன்" என்றேன்.

"யார் சொன்னது?"

"தொப்பிக்கு மேலே..."

"அது நீ பார்த்தது. காது கேட்காது என்று யார் சொன்னது? அவளா?"

நான் பேனையை மூடினேன்.

"கோப்பை கழுவினால் இறங்கும் என்று எழுதினாய். இப்போது காது கேட்காது என்று எழுதப்போகிறாய். முதலில் போய் அவளிடம் கேள்" என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியதில் இருந்து சிரிக்கிறார் என்று தெரிந்தது. அவருடைய கணவரும் கழுவத் தொடங்கியிருந்தாராம்.

அண்ணை வீட்டுக்கு வந்த மறுநாள் போனேன். ஷாமினி லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். மேசையில் காதுக் கருவிகளின் விளம்பரத் தாள்கள் பரப்பிக் கிடந்தன.

"அன்ரி, மமானுக்குக் காது போயிட்டுது. ஒரு மாசமா போன் எடுக்கிறேல்லை. கேட்டால், பாட்டுக் குழுவையும் விட்டுட்டாவாம்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, எப்ப இருந்து கேக்கேல்லை?"

"முதல் நாளே கேக்கேல்லை."

"அண்டைக்கு நான் கேட்டனான். வடிவாக் கேக்குது எண்டு சொன்னீங்கள்."

"நீங்கள் சைரனைத்தான் கேக்கிறியள் எண்டு நினைச்சன், மிஸ்ஸி. கார் கவலையில நிண்டனீங்கள். சைரன் வடிவாத்தான் கேட்டது."

ஷாமினி கையிலிருந்த விளம்பரத் தாளை மேசையில் வைத்தாள்.

"பேந்து நீங்கள் கெட்டிக்காரி எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டீங்கள். பின்னேரம் வைச்சுப் பாத்தன், ஒரு சத்தமும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. எனக்குக் காது போயிட்டுது எண்டு விளங்கீட்டுது. உங்களிட்டச் சொல்ல வெக்கமாக் கிடந்தது. இவருக்குச் சொன்னால் பயந்துபோவார். அதுதான் ஆளின்ர முகத்தைப் பாத்து எழுதினன். நாற்பத்தெட்டு வரியமாப் பாக்கிற முகம். கோவமெண்டா நூற்றி எழுபது. பூசையெண்டா நூற்றி இருபத்தெட்டு. கீழ் எண்ணுக்கு எனக்கு ஒரு யோசினையும் வரேல்லை. எண்பது எண்டு விட்டன்."

"அப்ப கோப்பை கழுவினது?" என்றார் அண்ணை. அவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

அக்கா திரும்பவில்லை. "ஒருநாள் நீங்கள் தன்பாட்டில கழுவினீங்கள். எனக்குச் சந்தோசமா இருந்தது. நூற்றி முப்பத்தி நாலு எண்டு எழுதினன்."

"ஒருநாள். சரி. அடுத்த நாளும் முப்பத்தி நாலு?"

"அடுத்த நாளும் சந்தோசமா இருந்தது."

"அடுப்பு துடைச்சதுக்கு இருபத்தாறு!"

"அது கூடச் சந்தோசம்."

ஷாமினி வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போனாள். அண்ணை என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

எனக்குள் ஏதோ ஒன்று உறுத்தியது. ஆறு வாரமாகச் செவிடு என்று சொல்லிக்கொள்கிற இந்தப் பெண் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு எங்கள் எல்லோருக்கும் தவறாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணை முணுமுணுத்ததுக்குக்கூட.

"அக்கா, அந்த ஸ்டெதஸ்கோப்பைத் தாங்கோ."

கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் என் காதில் மாட்டி, வட்டத்தை விரல் நுனியால் தட்டினேன். ஒன்றுமில்லை. பலமாகத் தட்டினேன். ஒன்றுமில்லை. கல்லைத் தட்டுவது போல.

உங்களில் பலருக்கு இப்போதே விளங்கியிருக்கும். அந்த வகை ஸ்டெதஸ்கோப்பின் தலைக்கு இரண்டு பக்கம். குழாயில் அதைச் சுழற்றலாம். ஒரு பக்கம் திறந்தால் மற்றப் பக்கம் மூடிக்கொள்ளும். கடைப் பெட்டியிலிருந்து வரும்போதே அது மற்றப் பக்கம் திரும்பியிருந்திருக்கிறது. பெட்டியைப் பிரித்தது நான். அக்காவின் காதில் மாட்டியது நான். ஒரு தடவை விரலால் தட்டிப் பார்க்காதது நான். அதை வைத்து உலகத்தில் யாராலும் எதையும் கேட்டிருக்க முடியாது.

தலையைப் பிடித்துச் சுழற்றினேன். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான் வேலை.

"அக்கா, உங்கட காதில ஒரு பிழையும் இல்லை. பிழை என்னில. இது மூடிக் கிடந்தது. நான் பாக்கேல்லை."

முதலில் ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்தார், பிறகு என்னை. நான் நன்றியையோ சிரிப்பையோ எதிர்பார்த்தேன் என்றால், அது எனக்குக் கிடைக்கவில்லை.

"உயிர்த்த ஞாயிறு திருப்பலியில நான் பாடேல்லை" என்றார். "முப்பது வரியத்தில முதல் தரம். பிழையாப் பாடிக் கெடுத்துப்போடுவன் எண்டு பின் வரிசை வாங்கில இருந்தன். எல்லாரும் பாடுறது எனக்குக் கேட்டது. அப்பவும், இது கொஞ்ச நாளில போயிடும், கேக்கிற மட்டும் கேப்பம் எண்டு அழுதுகொண்டிருந்தன். நீங்கள் இதை ஒருக்காத் திருப்பியிருந்தால் நான் பாடியிருப்பன்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"மன்னிக்கிறது பேந்து பாப்பம்" என்றார். கோபத்தோடுதான் சொன்னார். அந்தக் கோபம் எனக்கு உரியது. அதை நான் சிரித்துக் கரைக்கப் பார்க்கவில்லை. சிலவேளை நோயாளி வீட்டில் நாங்கள் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம், திட்டு வாங்கிக்கொண்டு கதிரையில் இருப்பதுதான்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "அளந்து காட்டுங்கோ. இந்தமுறை நான் வாய் திறக்கமாட்டன். எண்ணை நீங்கள் சொல்லவேணும்" என்றேன். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

அண்ணை சட்டைக் கையை மடித்துக் கையை நீட்டினார். முகம் இன்னும் சிவந்திருந்தது. அடுப்பு துடைத்த நாட்களை அவர் மறந்துவிடவில்லை. அக்கா பட்டியைச் சுற்றினார். காதில் மாட்டினார். அமுக்கினார். காற்றை மெல்ல விட்டார். ஊசி இறங்கிக்கொண்டே வந்தது. நூற்றி எழுபது, நூற்றி அறுபது.

அக்காவின் கண்கள் பெரிதாயின.

"இந்தா!" என்றார். "நூற்றி ஐம்பத்திரண்டு. இந்தா, இந்தா!" ஊசி இன்னும் இறங்கியது. "எழுபத்தி நாலில நிண்டுட்டுது. எண்பது இல்லை மிஸ்ஸி, எழுபத்தி நாலு."

தாளம் தப்பிய நாடி என்பதால் நான் இன்னும் இரண்டு தடவை அளக்கச் சொன்னேன். பிறகு நானும் அளந்தேன். இரண்டு பேருடையதும் கிட்டக் கிட்ட வந்தது.

"கோவத்தில ஏறியிருக்கு" என்றார் அண்ணை, ஓரளவு திருப்தியோடு. "இது உண்மையான ஏத்தம். எழுதும்."

அக்கா எழுதவில்லை. ஸ்டெதஸ்கோப்பு இன்னும் காதில் இருந்தது. வட்டத்தை எடுத்து அண்ணையின் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே, நெஞ்சில் வைத்தார். அது நான் கற்றுக்கொடுக்காதது. தலையைச் சரித்துக்கொண்டு கேட்டார். அவருடைய மற்றக் கை விரல்கள் மேசையில் தாளம் போடப் பார்த்தன. இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, மூன்று தட்டு. பிடிபடவில்லை. நின்று, திரும்பத் தொடங்கின.

"இதென்ன மனுசன், ஒரு ஒழுங்கில்லாமல் அடிக்குது" என்றார். "இவ்வளவு நாளும் இப்பிடியே அடிச்சது?"

"நாலு வரியமா அப்பிடித்தான். டாக்டர் சொன்னவர்தானே" என்றார் அண்ணை.

"சொன்னவர். நான் கேக்கேல்லை."

ஷாமினி குசினி வாசலில் வந்து நின்று, "மமான், தேத்தண்ணி போடவோ?" என்றாள்.

அக்கா அவளைப் பார்க்காமல் கையை உயர்த்தி எங்கள் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். எனக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகியிருந்தது. நான் கோட்டை எடுக்கவில்லை.